மூலிகையில் நூறு வேதிப்பொருட்கள்: அந்த எண் எங்கிருந்து வருகிறது?

வேலியோரம் வளரும் ஒரு செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ வேதிப்பொருட்கள் இருப்பதாக ஒரு செய்தி வருகிறது. அதே செடியை ஆராய்ந்த வேறொரு ஆய்வகம் முப்பத்தைந்து என்கிறது. மூன்றாவது குழுவோ நான்காயிரம் என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. யாரை நம்புவது என்று வாசகர் விழிக்கிறார். பெரும்பாலும் மூவருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். மூவரும் எண்ணியது வேறு வேறு. ஒருவர் கருவி வரைந்த கோட்டில் எழுந்த மேடுகளை எண்ணினார், ஒருவர் அந்த மேடுகளுக்குக் கிடைத்த பெயர்களை எண்ணினார், இன்னொருவர் மென்பொருள் பிரித்துக் கொடுத்த சமிக்ஞைகளை எண்ணினார். இவற்றில் எதுவும் செடிக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை அல்ல. மேட்டுக்கும் மூலக்கூறுக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு, அதைக் கடக்க என்ன சான்று வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

செடி ஏன் இத்தனை பொருட்களைச் செய்கிறது?

உயிரணுவுக்குள் நடக்கும் வேதிவினைகளின் தொகுப்பு வளர்சிதை மாற்றம். அதில் உருவாகும் சிறு மூலக்கூறுகள் வளர்சிதைப் பொருட்கள். சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு அமிலம் போன்றவை எல்லாச் செடிகளுக்கும் பொது. இவை முதல்நிலைப் பொருட்கள். ஆல்கலாய்டுகள், டெர்பீனாய்டுகள், ஃபீனால் வகைகள் போன்றவை இரண்டாம்நிலைப் பொருட்கள். இவற்றில் பல குறிப்பிட்ட சில குடும்பங்களில் மட்டும் தோன்றும். பூச்சி கடித்தால் செடியால் ஓட முடியாது. கசப்பாலும் நஞ்சாலும் மணத்தாலும்தான் அது பிழைக்க வேண்டும். வேம்பின் அசாடிராக்டின், மஞ்சளின் குர்குமின், சர்ப்பகந்தியின் ரெசர்பின் எல்லாம் இந்த இரண்டாம் வகை. தாவர உலகம் முழுவதிலும் இத்தகைய பொருட்கள் இரண்டு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் மதிப்பீடு. மதிப்பீட்டின் இரு முனைகளுக்கும் ஐந்து மடங்கு வேறுபாடு இருப்பதே நமக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பதைக் காட்டுகிறது.

பழைய இயற்கைப்பொருள் வேதியியல் ஒரு நேரத்தில் ஒரு பொருளைப் பிடித்தது. குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆய்வுக்குழு நடத்திய டி. ஆர். கோவிந்தாச்சாரி ஆகியோரின் தலைமுறை, கிலோக்கணக்கில் இலையையும் பட்டையையும் கரைத்து வடித்து, தூய படிகமாக ஒரு பொருளைப் பிரித்து, அதன் கட்டமைப்பை நிறுவியது. மெதுவான வேலை, ஆனால் முடிவில் கையில் இருப்பது இன்ன பொருள் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

மெட்டபோலோமிக்ஸ் இதைத் தலைகீழாக்கியது. ஒரு திசுவில் உள்ள வளர்சிதைப் பொருட்களின் முழுத் தொகுப்பு ‘மெட்டபோலோம்’. 1998இல் புழக்கத்துக்கு வந்த சொல். அந்தத் தொகுப்பில் முடிந்த அளவுக்கு எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் அளக்க முயல்வது மெட்டபோலோமிக்ஸ். அதற்குச் சில மில்லிகிராம் இலை போதும். வேகம் கூடியது, உறுதி குறைந்தது. இந்தப் பேரம் நடந்ததைச் செய்திகள் சொல்வதில்லை.

இதில் இரண்டு வழிகள் உண்டு. முன்கூட்டியே தெரிந்த சில பொருட்களை மட்டும் துல்லியமாக அளப்பது இலக்கு வைத்த பகுப்பாய்வு. எது வந்தாலும் பதிவு செய்வது இலக்கற்ற பகுப்பாய்வு. முதலாவது ‘எவ்வளவு?’ என்ற கேள்விக்குப் பதில் தரும். இரண்டாவது ‘எங்கே தேடலாம்?’ என்று மட்டுமே சொல்லும். பெரிய எண்கள் எல்லாம் இரண்டாவதிலிருந்து வருபவை.

இலையிலிருந்து கணினித் திரை வரை

1. செடியை உறுதிசெய்தல். கேட்க எளிது. கடையில் கீழாநெல்லி என்று விற்பதில் ஃபில்லாந்தஸ் பேரினத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்திருப்பது மரபணு ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. ஃபில்லாந்தின் என்ற பொருளின் அளவு இனத்துக்கு இனம் மாறும். எனவே ஆய்வுக்கு எடுத்த செடியின் உலர்மாதிரியை ஒரு தாவர மாதிரியகத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் மாதிரியகமும் இருப்பது இதற்காகத்தான். அந்த எண் இல்லாத கட்டுரையை அங்கேயே மூடிவைக்கலாம்.

2. வினையை நிறுத்துதல். பறித்த பிறகும் இலையின் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் உடனே உறையவைத்தால், பறித்த கணத்தின் நிலை பதிவாகும். நிழலில் ஒரு வாரம் உலர்த்தினால் கிடைப்பது உலர்ந்த இலையின் வேதியியல். மருந்துக்கடைச் சரக்கை ஆராய அது சரியே. உயிருள்ள செடியைப் பற்றிப் பேச அது உதவாது.

3. கரைத்தெடுத்தல். எந்தக் கரைப்பானில் போடுகிறோமோ அதில் கரைவது மட்டுமே பிறகு கண்ணில் படும். தண்ணீரில் சர்க்கரை வரும், ஹெக்சேனில் எண்ணெயும் மெழுகும் வரும், மெத்தனாலில் இடைப்பட்டவை பலவும் வரும். எல்லாவற்றையும் எடுக்கும் கரைப்பான் என்று ஒன்று கிடையாது.

இந்தப் படி எவ்வளவு தூரம் முடிவை மாற்றும் என்பதற்கு மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் கதைக்கு மேல் சான்று வேண்டியதில்லை. சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூவின் குழு கிங்ஹாவ் என்ற செடியைச் சோதித்தபோது முடிவுகள் ஒரு முறை நன்றாகவும் மறுமுறை மோசமாகவும் வந்தன. நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய மருத்துவ நூலில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி ஒரு குறிப்பு இருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் பொருளைக் கெடுக்கிறதோ என்ற ஐயம் அங்கே பிறந்தது. சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு 1971இல் குறைந்த வெப்பத்தில் எடுத்த சாறு விலங்குச் சோதனையில் மலேரியா ஒட்டுண்ணியை முழுதாக அடக்கியது. மறு ஆண்டு தூய பொருள் பிரிக்கப்பட்டது, 2015இல் நோபல் பரிசு வந்தது. செடியும் ஆய்வகமும் மாறவில்லை. கரைப்பானும் வெப்பமும்தான் மாறின.

4. பிரித்தல். கலவையை ஒரு நீண்ட குழாய் வழியே செலுத்தினால், குழாயின் உட்பொருளோடு அதிகம் ஒட்டுபவை தாமதமாகவும், ஒட்டாதவை சீக்கிரமாகவும் வெளியேறும். இதுதான் குரோமட்டோகிராஃபி. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலையின் நிறமிகளைச் சுண்ணப் பொடி அடைத்த குழாயில் பிரித்துக் காட்டியதிலிருந்து இந்த நுட்பம் தொடங்குகிறது. வாயு வடிவில் செலுத்தினால் ஜிசி, திரவமாகச் செலுத்தினால் எல்சி.

5. நிறையை அளத்தல். வெளியே வரும் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை அளப்பது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், சுருக்கமாக எம்எஸ். நேரத்துக்கு எதிராகச் சமிக்ஞையை வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும். ஒவ்வொரு மேடும் ஓர் ‘உச்சம்’. ஆய்வகப் பேச்சில் பீக்.

ஜிசி-எம்எஸ் பார்க்காதவை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வரும் மூலிகை ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி ஜிசி-எம்எஸ் பட்டியல்களே. கருவி பரவலாகக் கிடைக்கிறது, ஒரு மாதிரிக்கான கட்டணம் கட்டுப்படியாகிறது. அதனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஜிசியின் நுழைவாயில் சுமார் 250 டிகிரி வெப்பத்தில் இருக்கும். அந்த வெப்பத்தில் சிதையாமல் ஆவியாகும் பொருட்களுக்கு மட்டுமே உள்ளே வழி. ஈரோட்டு மஞ்சளை மெத்தனாலில் ஊறவைத்து ஜிசி-எம்எஸ்ஸில் ஓட்டினால் டர்மரோன் வகைகள் பெரிய உச்சங்களாக வரும். மஞ்சள் எண்ணெயின் மணத்துக்கு அவைதான் காரணம். ஆனால் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அந்தப் பட்டியலில் இருக்காது. அது ஆவியாவதற்கு முன் உடைந்துவிடுகிறது. அதன் சிதைவுத் துண்டுகளான வனிலின் போன்றவை வேண்டுமானால் தலைகாட்டலாம். இந்தப் பட்டியலை மட்டும் படிப்பவர், மஞ்சளில் வனிலின் இருக்கிறது, குர்குமின் இல்லை என்று முடிவு கட்டினால் கருவியைக் குறை சொல்ல முடியாது.

சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவற்றைச் சிலைல் தொகுதி சேர்த்து ஆவியாகும்படி மாற்றி ஜிசியில் அளக்கலாம். முதல்நிலைப் பொருட்களுக்கு அது இன்றும் நல்ல முறை. கனமான ஆல்கலாய்டுகள், சர்க்கரை இணைந்த ஃபிளேவனாய்டுகள், சபோனின்கள் ஆகியவற்றுக்கு எல்சி-எம்எஸ் வேண்டும். திரவத் துளியிலிருந்தே மென்மையாக அயனிகளை உண்டாக்கும் எலக்ட்ரோஸ்பிரே முறை அதன் உயிர்நாடி. அதை வளர்த்தெடுத்த ஜான் ஃபென் 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உச்சத்துக்குப் பெயர் வைப்பது

இங்கேதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. சற்று நின்று பார்க்கலாம்.

மஞ்சள் சாற்றை எல்சி-எம்எஸ்ஸில் ஓட்டுங்கள். நேர்மின் அயனி முறையில் 369.13, 339.12, 309.11 என்று மூன்று நிறைகள் தெரியும். ஒவ்வொரு படிக்கும் 30.01 குறைகிறது. அது ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் ஆகியவற்றின் நிறை. அதாவது ஒரு மெத்தாக்சி தொகுதி போய் அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்தால் ஏற்படும் வேறுபாடு. முதலாவது குர்குமின், இரண்டாவது ஒரு மெத்தாக்சி குறைந்த டிமெத்தாக்சிகுர்குமின், மூன்றாவது இரண்டும் இல்லாத பிஸ்டிமெத்தாக்சிகுர்குமின். 369ஐப் பிடித்து உடைத்தால் 177 என்ற துண்டு வலுவாக வரும். 309ஐ உடைத்தால் 147 வரும். இந்த இரண்டு துண்டுகளுக்கும் இடையிலும் அதே 30தான். நடுவில் உள்ளதை உடைத்தால் 177, 147 இரண்டும் வரும், ஏனெனில் அதன் ஒரு பக்கத்தில் மெத்தாக்சி இருக்கிறது, மறுபக்கத்தில் இல்லை. நிறையும் துண்டுகளும் ஒன்றையொன்று இப்படித் தாங்கி நிற்கும்போது பெயர் வைப்பதில் நம்பிக்கை பிறக்கிறது. இந்தத் துறையில் நுழைபவருக்கு இதைவிட அழகான முதல் பாடம் இல்லை என்பேன்.

எல்லாச் செடியும் மஞ்சளைப் போல ஒத்துழைப்பதில்லை. நான்கு சிக்கல்கள் அடிக்கடி வரும்.

1. மாற்றியங்கள். லூட்டியோலின், கெம்ப்ஃபெரால் இரண்டும் வெவ்வேறு ஃபிளேவனாய்டுகள். ஆனால் இரண்டிலுமே கார்பன் 15, ஹைட்ரஜன் 10, ஆக்சிஜன் 6. நிறையை எத்தனை தசமம் வரை துல்லியமாக அளந்தாலும் இவை இரண்டும் ஒன்றாகவே தெரியும். லிமோனீன், பைனீன் போன்ற மணப்பொருட்களிலும் இதே கதை. குழாயிலிருந்து வெளிவரும் நேரமோ, துண்டுகளின் அமைப்போ, அணுக்கள் அமைந்த இடத்தைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையோ துணைக்கு வந்தால்தான் பிரித்தறிய முடியும்.

2. ஒரே பொருள், பல சமிக்ஞைகள். அசாடிராக்டினின் நிறை 720.26. எலக்ட்ரோஸ்பிரேயில் அது சோடியத்தை ஏற்றுக்கொண்டு 743.25 ஆகத் தோன்றும். புரோட்டான் ஒன்றை ஏற்று, நீர் மூலக்கூறு ஒன்றை இழந்து 703.26 ஆகவும் தோன்றும். கார்பன்-13 ஐசோடோப்பால் இவற்றுக்கு அருகில் கூடுதல் கோடுகளும் வரும். ஒன்றாகச் சேர்க்கத் தெரியாத மென்பொருள் இவற்றைத் தனித்தனியே எண்ணும். ‘நான்காயிரம்’ என்ற எண்ணில் கணிசமான பங்கு இப்படிப்பட்ட நகல்களுடையது.

3. செடியில் இல்லாதவை. ஜிசி குழாயின் உட்பூச்சு சூட்டில் கசிந்து சிலாக்சேன்களாக வரும். 207, 281 என்ற நிறைகள் அதன் அடையாளம். பிளாஸ்டிக் குப்பியிலிருந்து கரைப்பானுக்கு, பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வரும். 149 அதன் அடையாளம். செடி எதுவும் சேர்க்காத வெற்றுக் கரைப்பானை முதலில் ஓட்டியிருந்தால் இவை அங்கேயே பிடிபட்டிருக்கும். ஆனாலும் சிலாக்சேன்களை மூலிகையின் நுண்ணுயிர் எதிர்ப்புப் பொருளாகவும், தாலேட்டைப் புதிய கண்டுபிடிப்பாகவும் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை.

4. நூலகம் எப்போதும் பதில் சொல்லும். ஜிசி-எம்எஸ்ஸில் 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் மூலக்கூறு உடையும் விதம் எந்த ஆய்வகத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே லட்சக்கணக்கான பொருட்களின் நிறமாலைகளைச் சேர்த்துவைத்த என்ஐஎஸ்டி நூலகத்தோடு ஒப்பிட முடிகிறது. பொருத்தத்துக்கு 999 வரை மதிப்பெண் உண்டு. 900க்கு மேல் என்றால் நல்ல பொருத்தம், 700க்குக் கீழே என்றால் ஒதுக்கிவிடலாம். ஆனால் நூலகத்தில் அந்தப் பொருளே இல்லாவிட்டாலும், இருப்பவற்றில் நெருக்கமான ஒன்றை மென்பொருள் எடுத்துக் கொடுத்துவிடும். ‘தெரியாது’ என்று சொல்லி அறியாத ஜோசியரைப் போல. மதிப்பெண்ணையும், குழாயிலிருந்து வெளிவரும் நேரத்தைத் தரப்படுத்திச் சொல்லும் கோவாட்ஸ் தக்கவைப்புக் குறியீட்டையும் வெளியிடாத பட்டியலில் எது பொருத்தம், எது ஊகம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு வரம்பு கட்ட 2007இல் மெட்டபோலோமிக்ஸ் துறையினர் நான்கு நிலைகளை வகுத்தனர். தூய தரப்பொருளை (இன்னதென்று உறுதியாகத் தெரிந்த ஒப்பீட்டு மாதிரியை) அதே ஆய்வகத்தில், அதே நிபந்தனைகளில் ஓட்டி, குறைந்தது இரண்டு சார்பற்ற அளவுகள் ஒத்துப்போனால் முதல் நிலை. நூலக நிறமாலையோடு பொருந்தினால் மட்டும் இரண்டாம் நிலை. இன்ன வகையைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்ல முடிந்தால் மூன்றாம் நிலை. அளக்க முடிகிறது, யாரென்று தெரியவில்லை என்றால் நான்காம் நிலை. நேர்மையான இலக்கற்ற ஆய்வில் பெரும்பகுதி நான்காம் நிலையில்தான் கிடக்கும். அது வெட்கப்பட வேண்டிய செய்தி அல்ல.

இதுவரை யாரும் காணாத பொருள் என்றால் தரப்பொருளும் கிடைக்காது, நூலகமும் உதவாது. அப்போது பழைய வழிதான்: தூய்மையாகப் பிரித்து, என்எம்ஆரில் ஒவ்வோர் அணுவின் இடத்தையும் உறுதிசெய்ய வேண்டும். அசாடிராக்டினை 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்தார்கள். அதன் கட்டமைப்பு சரியாக நிலைபெற்றது 1985இல். ஆய்வகத்தில் அதை முழுதாகத் தொகுத்துக் காட்டக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழுவுக்கு மேலும் 22 ஆண்டுகள் ஆயின. அந்த வேம்பின் இலையை இன்று ஒரு மணிநேரம் கருவியில் ஓட்டிவிட்டு அதில் நூற்றுக்கணக்கான ‘புதிய’ பொருட்கள் என்று அறிவித்தால், அறிவிப்பவரிடம் எத்தனை எந்த நிலையில் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

எவ்வளவு இருக்கிறது?

பட்டியலில் ‘பரப்பு சதவீதம்’ என்று ஒரு பத்தி இருக்கும். அது கருவிக்குத் தெரிந்த உச்சங்களின் மொத்தப் பரப்பில் ஒன்றின் பங்கு. செடியில் அந்தப் பொருள் அத்தனை சதவீதம் இருக்கிறது என்று பொருள் அல்ல. எளிதில் மின்னூட்டம் ஏற்கும் பொருள் குறைவாக இருந்தாலும் பெரிதாகத் தெரியும். அளவு தெரிய வேண்டுமானால், தெரிந்த அளவுகளில் தரப்பொருளை ஓட்டி அளவுக்கோடு வரைய வேண்டும். மஞ்சள் வணிகத்தில் குர்குமின் சதவீதத்தை வைத்தே விலை பேசப்படுவதால் இது வெறும் ஆய்வகச் சண்டை அல்ல. 425 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துச் சொல்லும் மலிவான முறை மூன்று குர்குமினாய்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். மெட்டானில் மஞ்சள் சாயம் கலந்திருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கக்கூடும். உயர் அழுத்தத்தில் நடக்கும் எல்சியான எச்பிஎல்சியில் பிரித்து அளந்தால் ஏமாற்று வெளியே வரும்.

ஆனால் எச்பிஎல்சியும் எல்சி-எம்எஸ்ஸும் காணாத ஒரு கலப்படம் உண்டு. மஞ்சளின் நிறத்தைத் தூக்கிக் காட்ட ஈய குரோமேட் சேர்ப்பதை வங்கதேசத்தில் நடந்த ஆய்வுகள் 2019இல் வெளிக்கொண்டு வந்தன. அது கனிம உப்பு, மெத்தனாலில் கரையாது, எனவே கரைத்தெடுக்கும் படியிலேயே வடிகட்டித் தாளில் தங்கிவிடும். எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையோ, தனிமங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ்ஸோ தேவை. ‘முழுமையான வேதிப் பகுப்பாய்வு’ செய்யப்பட்டது என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால், எந்தக் கருவியில் என்று கேளுங்கள்.

ஒப்பீடும் புள்ளியியலும்

நோயுற்ற இலை, நோயற்ற இலை என்று இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது 5,000 சமிக்ஞைகளைத் தனித்தனியே சோதித்தால், 0.05 என்ற வழக்கமான வரம்பில் சுமார் 250 சமிக்ஞைகள் வெறும் தற்செயலாகவே ‘வேறுபட்டவை’ என்று வரும். இதற்குத் திருத்தம் செய்தார்களா, ஒரே செடியை மூன்று முறை அளந்தார்களா அல்லது மூன்று தனிச் செடிகளை அளந்தார்களா என்ற இரண்டு கேள்விகள் போதும், பல கட்டுரைகளின் தரம் தெரிந்துவிடும்.

‘இருக்கிறது’ என்பதும் ‘குணமாக்கும்’ என்பதும்

பட்டியலில் வந்த பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பழைய ஆய்வுகளில் சொன்ன பயன்களை அடுத்த பத்தியில் எழுதிவிட்டு, செடிக்கு அத்தனை குணமும் உண்டு என்று முடிப்பது ஒரு வழக்கம். உடலில் அந்த அளவு சேருமா, சேர்ந்தால் நிலைக்குமா என்ற கேள்விகளே அங்கு எழுவதில்லை. குர்குமினே இதற்கு எச்சரிக்கை. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்த பிறகு, 2017இல் மருந்து வேதியியலாளர்கள் எழுதிய விரிவான மீளாய்வு, அது நிலையற்றது, உடலில் மிகக் குறைவாகவே சேருவது, சோதனைக்குழாயில் பல புரதங்களோடு கண்டபடி வினைபுரிந்தும் ஒளிர்ந்தும் பொய்யான நேர்முடிவுகளைத் தருவது என்று சொன்னது. மஞ்சளை இதனால் சமையலறையிலிருந்து விலக்க வேண்டியதில்லை. குர்குமின் மாத்திரை விளம்பரங்களை நம்புமுன் யோசிக்கலாம்.

கற்க விரும்புவோருக்கு

கருவி கைவசம் இல்லாதவர்களும் இன்று தொடங்க முடியும். ஜிஎன்பிஎஸ், மாஸ்பேங்க் ஆகிய பொதுத் தளங்களில் உண்மையான நிறமாலைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எம்இசட்மைன், எம்எஸ்-டயல் ஆகிய மென்பொருள்களுக்கும் கட்டணமில்லை. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் உருவான இம்பாட் தரவுத்தளத்தின் இரண்டாம் பதிப்பு, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மருத்துவத் தாவரங்களையும் ஏறக்குறைய 18,000 தாவரப் பொருட்களையும் கட்டமைப்போடு தருகிறது. ஒரு செடியில் ஏற்கெனவே என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க முதலில் போக வேண்டிய இடம் அது.

கரிம வேதியியலில் தொகுதிகள், நிறமாலை வாசிப்பு, அடிப்படைப் புள்ளியியல் என்ற வரிசையில் படிப்பது நல்லது. மென்பொருளிலிருந்து தொடங்குபவர்கள் வண்ணப் படங்களைச் சீக்கிரம் வரைந்துவிடுகிறார்கள், ஆனால் அசாடிராக்டினின் 720 ஏன் 743 ஆகத் தெரிகிறது என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். கருவி கிடைத்தால் முதல் மாதிரியாக மஞ்சளை எடுங்கள். அதற்கு முன் வெற்று மெத்தனாலை ஓட்டி, அதில் வரும் உச்சங்களைக் குறித்து வையுங்கள். பிறகு சாற்றை ஓட்டி 369, 339, 309 மூன்றையும் தேடுங்கள். 177, 147 துண்டுகளை நீங்களே பெயர் சொல்லிப் பிரித்துக்காட்ட முடிந்த பிறகு, பெயர் தெரியாத செடிக்குப் போகலாம்.